இரண்டு கிழமைக்கு ஒரு பிளக் கறுத்துப்போகிறது என்றால்

மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடும் பழைய எஞ்சின் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். கொட்டியாரக் குடாவில் வலைத்தொழில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிளக் (சிலிண்டருக்குள் தீப்பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கும் உறுப்பு) கறுத்து நனைந்துவிடுகிறது; பிறகு கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் எஞ்சின் பற்றுவதில்லை. புதிய பிளக் போட்டால் உடனே பற்றிக்கொள்கிறது. ஒருவர் "ஒரு எண் சூடான பிளக் போடு" என்றாராம், இன்னொருவர் "அடுப்பில் சுட்டு எடு, போதும்" என்றாராம். பிளக்கை எப்படிக் கழற்றி மாட்டுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது, எந்த எண் வாங்குவது என்று மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் கிடக்கும் கேள்வி, பிளக் தானாகச் சாகிறதா அல்லது ஏதோ ஒன்று அதைக் கொல்கிறதா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்து தொடங்கினால் மற்றவை தாமாக அவிழும்.

யார் சொல்கிறார் என்று தெரியாமல் எஞ்சினில் கைவைக்கக் கூடாது என்பதால் என்னைப் பற்றி இரண்டு வரி. தொழிற்பயிற்சியில் மோட்டார் இயந்திரவியல் படித்தேன். 26 ஆண்டுகளாகத் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துகிறேன். நிலாவெளி, இறக்கக்கண்டி, வீரநகர், கிண்ணியா, மூதூர் என்று கரை கரையாக ஸ்பானர் பையுடன் அலைந்திருக்கிறேன். என் கைக்கு வந்தவற்றில் பத்துக்கு ஒன்பது, எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். கணினி மூலம் எரிபொருள் தெளிக்கும் புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றை வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய பிளக் போட்டவுடன் எஞ்சின் பற்றுகிறது, இரண்டு கிழமை நன்றாக ஓடுகிறது, பிறகு அதே விதமாகக் கறுக்கிறது. இது ஒரு தடவை அல்ல, தொடர்ந்து நடக்கிறது. அப்படியானால் பிளக்கின் மீது குற்றம் இல்லை. கெட்ட பிளக் முதல் நாளே கெட்டதாக இருக்கும், அல்லது கண்டபடி விட்டுவிட்டு வேலை செய்யும். ஒழுங்காக இரண்டு கிழமைக்கு ஒன்று என்று கணக்கு வைத்துச் சாகாது. எரியாத கரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டும்போதுதான் இப்படி நடக்கும். பிளக்கின் நுனியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கில் கரி படிந்தால், கரி மின்சாரத்தைக் கடத்துவதால், தீப்பொறி இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதற்குப் பதிலாக அந்தக் கரியின் மீது வழுக்கிக்கொண்டு இரும்பு உடலுக்குப் போய்விடுகிறது. அந்த மூக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் கரியைத் தானே எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஆகவே உங்கள் எஞ்சினில் ஒன்றில் கரி அதிகமாக உண்டாகிறது, அல்லது மூக்கு போதிய சூட்டை எட்டுவதில்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் நேரில் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி: எஞ்சினைப் பற்றவைத்து எத்தனை நிமிடத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள்? நம் கரைகளில் பலரும் படகு அலையைத் தாண்டியவுடன் குழாயைத் திருப்பிவிடுவார்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவுக்கு விற்ற காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்த பழக்கம் அது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபா ஆன பிறகும் கை மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. பெற்றோல் எவ்வளவு குளிரிலும் ஆவியாகும். சைபருக்குக் கீழே 40 பாகைக் குளிரில்கூடத் தீப்பற்றும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடேறினால்தான் சுடருக்குப் பிடிகொடுக்கும். குளிர்ந்த சிலிண்டருக்குள் அது ஆவியாகப் போகாமல் துளியாகப் போகிறது. துளி முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிளக்கில் ஈரமாகவும் கரியாகவும் ஒட்டுகிறது. விடியற்காலை 4 மணிக்கு, வாடைக்காற்றுக் காலத்தில், இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்கு இரண்டு நிமிடம் போதாது. என் வழக்கம் இது: படகு ஓட்டத்தில், அதாவது எஞ்சின் பாரம் இழுக்கும் நிலையில், குறைந்தது ஐந்து நிமிடமாவது பெற்றோலில் ஓட வேண்டும். எஞ்சினின் பக்கவாட்டில் குளிர்விக்கும் நீர் பீச்சுகிறதல்லவா (எங்கள் கடற்கரையில் அதற்கு வேறு பெயர், இங்கே எழுத முடியாது), அதைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்றுங்கள்.

திரும்பி வரும்போதும் அப்படித்தான். கரைக்கு வருவதற்குச் சில நிமிடம் முன்பே பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றர் கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெயை எரித்து முடித்துவிட வேண்டும். இதை மறந்தால் மறுநாள் காலை குழாயைப் பெற்றோல் பக்கம் திருப்பியிருந்தாலும், கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய்தான் முதலில் குளிர்ந்த சிலிண்டருக்குள் போகும். பத்துத் தடவை கயிற்றை இழுப்பீர்கள், ஒவ்வொரு இழுப்பிலும் பிளக் மேலும் நனையும். "பிளக் செத்துவிட்டது" என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். கணக்கெடுத்து வைக்கவில்லை, பாதி என்பது என் நினைவின் அளவு.

அடுத்தது எண்ணெய்க் கலவை. பெற்றோலுக்கு 50க்கு 1 என்பது இத்தகைய எஞ்சின்களில் பரவலான அளவு: லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 20 லீற்றர் கானுக்கு 400 மில்லிலீற்றர். மண்ணெண்ணெய்க்கு அளவு வேறாக இருக்கலாம், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் எஞ்சினின் கைநூலில் உள்ளதே சட்டம். பழைய எஞ்சினை வாங்கியவரிடம் கைநூல் இருக்காது என்பது எனக்குத் தெரியும். விற்பனை முகவரிடம் எஞ்சினின் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது அதே மாதிரி வைத்திருக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கரையில் கலப்பவர்கள் கண்ணால் அளந்து ஊற்றுகிறார்கள், பிறகு "பாதுகாப்புக்கு" இன்னொரு மூடி ஊற்றுகிறார்கள். அந்த இன்னொரு மூடிதான் பிளக்கில் கரியாக வந்து உட்காருகிறது. அளவுபோட்ட போத்தல் ஒன்று வாங்குங்கள். ஆனால் கவனம்: பிளக் கறுக்கிறதே என்று சொல்லப்பட்ட அளவுக்குக் கீழே எண்ணெயைக் குறைக்கவே கூடாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு எண்ணெய் கிடையாது; எரிபொருளோடு வருவது மட்டும்தான். கறுத்த பிளக்கை மாற்ற ஒரு சிறு தொகை போதும், இறுகிப்போன பிஸ்டன் ஒரு பருவத்து உழைப்பைத் தின்றுவிடும். எண்ணெயும் கடலெஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 என்று எழுதப்பட்டதாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய் சற்று மலிவு என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. அது காற்றால் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்காகச் செய்தது, தண்ணீரால் குளிரும் நம் எஞ்சினில் படிவை அதிகமாக விடும்.

மூன்றாவது, உங்கள் தொழிலின் இயல்பு. வலையோரமாக மெல்ல ஊர்வதும், வலை இழுக்கும்போது எஞ்சினை நிறுத்தாமல் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவதும் பிளக்குக்குப் பெரும் சோதனை. வேகம் குறைந்தால் சூடு குறைவு, சூடு குறைந்தால் கரி எரியாது. ஆழ்கடலுக்கு ஒரு மணிநேரம் முழு வேகத்தில் போய்வருகிறவரின் பிளக் மாதக்கணக்கில் நிற்பதும், குடாவுக்குள் ஊர்கிறவரின் பிளக் இரண்டு கிழமையில் கறுப்பதும் இதனால்தான். வலை இழுத்து முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டிவிடுங்கள், படிந்ததில் ஒரு பகுதி எரிந்து போகும். வலை இழுக்க அரைமணி ஆகுமென்றால் எஞ்சினை நிறுத்திவிடுவதே நல்லது. காற்றும் நீரோட்டமும் இடம்கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய எஞ்சின் என்பதால் இரண்டு சிறு காரணங்களையும் பார்த்துவிடுங்கள். சோக்கின், அதாவது குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்காகக் காற்றை மறிக்கும் தகட்டின், கம்பி தளர்ந்து அது பாதி மூடிய நிலையிலேயே நிற்கிறதா? தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரை மறிக்கும் அடைப்பு) உள்ள எஞ்சினாக இருந்தால் அது திறந்தபடியே சிக்கிக் கிடக்கிறதா? முதலாவது எரிபொருளை அதிகமாக்கும். இரண்டாவது எஞ்சினைச் சூடேறவே விடாது.

இனிப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. மாற்றுவதைவிடப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது, ஆனால் நம்மவர்கள் கழற்றிய பிளக்கைக் கடலில் எறிந்துவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள். எறியாதீர்கள். கழற்றும்போதே எது மேல் சிலிண்டர், எது கீழ் சிலிண்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலதைச் சட்டையின் இடப்பையிலும் கீழதை வலப்பையிலும் போடுவது என் வழக்கம். இரண்டும் ஒரே மாதிரி கறுத்து நனைந்திருந்தால் காரணம் இரண்டுக்கும் பொதுவானது: கலவை, மண்ணெண்ணெய்க்கு மாற்றும் நேரம், சோக், மெதுவோட்டம். ஒன்று மட்டும் கறுத்து மற்றது நன்றாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு உரிய கோளாறு: அதன் பிளக் மூடி, காயில் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), அல்லது பிஸ்டன் வளையம். அப்போது பணம் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இரண்டு பிளக்கையும் சுத்தம் செய்து, மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். கோளாறு பிளக்கோடு இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் சிலிண்டர் பக்கம் தேடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமலே எத்தனையோ காயில்கள் வீணாக மாற்றப்பட்டுவிடுகின்றன.

நிறங்களைப் பற்றி. மண்ணிறம் அல்லது காப்பி நிறம், இரும்பு விளிம்பில் சற்று எண்ணெய்க் கறுப்பு என்றால் கவலையில்லை. உலர்ந்த, கையில் ஒட்டும் அடுப்புக்கரி போன்ற கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. பளபளக்கும் ஈரக்கறுப்பு என்றால் எண்ணெய் அல்லது எரியாத எரிபொருள். முகர்ந்து பார்த்தால் மண்ணெண்ணெயா பெற்றோலா என்று மூக்கே சொல்லிவிடும். நீங்கள் எழுதியிருப்பது இந்த வகை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் கரி ஒரு சிறு பாலம்போல நிற்பதும் டூ ஸ்ட்ரோக்கில் வழக்கம். அதைத் தட்டிவிட்டால் எஞ்சின் உடனே பற்றும், ஆனால் மறுபடி வரும். பயப்பட வேண்டியது வெள்ளைக்குத்தான். பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்து, கொப்புளம் போட்டு, முனை உருகி வட்டமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது: எரிபொருள் போதவில்லை, எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது குளிர்நீர் வரவில்லை. நிலாவெளிப் பக்கம் மணற்கரையிலிருந்து தள்ளி இறக்கும் படகுகளில் நீர்ப்பம்பின் ரப்பர் சக்கரம் மணலைத் தின்று தேய்ந்துவிடும். வெளுத்த பிளக்கைப் பார்த்தவுடன் நான் முதலில் போவது அங்கேதான். பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோலச் சாம்பல்நிற உலோகப் பொட்டுகள் மினுங்கினால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்த எஞ்சினோடு அன்று கடலுக்குப் போகாதீர்கள். துருவும் நீர்த்துளியும் இருந்தால் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறது அல்லது சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கற் தகடு கசிகிறது. மற்றது கறுத்திருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல விசித்திரமாகச் சுத்தமாக இருந்தாலும் கேஸ்கற்றைச் சந்தேகியுங்கள்.

பிளக்கின் வெளிப்பக்கப் பீங்கானில், இரும்பு தொடங்கும் இடத்துக்கு மேலே, பழுப்பு வளையம் ஒன்று தெரியும். "காற்று கசிகிறது" என்று சொல்லி இதைக் காட்டி பிளக்கை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அது கசிவல்ல. உயர் மின்னழுத்தம் காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைத்த கறை மட்டுமே. பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தால்தான் பிளக்கைக் குப்பையில் போட வேண்டும்.

நிறத்தை எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். கரைக்கு மெல்ல ஊர்ந்து வந்து, கட்டிவைத்துவிட்டுக் கழற்றினால் எல்லா டூ ஸ்ட்ரோக் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். அது கடைசி ஐந்து நிமிடத்தின் நிறம். உண்மை தெரிய வேண்டுமென்றால் அமைதியான நீரில் சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஆறியதும் அங்கேயே கழற்ற வேண்டும். திடீரென நிறுத்தினால் பின்னால் வரும் உங்கள் சொந்த அலையே படகின் பின்பலகையைத் தாண்டி உள்ளே விழும். ஆகவே தனியாகச் செய்யாதீர்கள், துடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். உள்துறைமுகம் அமைதியாக இருக்கிறதே என்று கடற்படை எல்லைப் பக்கம் போய் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு மிதக்கவும் வேண்டாம். வந்து விசாரிப்பவரிடம் பிளக்கின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று விளக்குவது எளிதல்ல.

கழற்றும் முறை சிறியதுதான், ஆனால் கை தவறினால் இழப்பு பெரியது. எஞ்சின் ஆற வேண்டும். அலுமினிய ஹெட்டின் புரி சூட்டில் மென்மையாக இருக்கும்போது இரும்பு பிளக்கைத் திருகினால் புரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். நிறுத்தற்கயிற்றின் (ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) கவ்வியைக் கழற்றிவிடுங்கள். பிளக் மூடியை மூடியில் பிடித்து இழுங்கள், கம்பியில் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு பிளக்கின் அடியைச் சுற்றி இருக்கும் உப்பையும் மணலையும் தூரிகையால் துடைத்து, ஊதி அகற்றிவிட்டுத்தான் ஸ்பானரைப் போட வேண்டும். இதை நான் படித்தது என் சொந்தச் செலவில். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, காற்று வீசும் ஒரு பிற்பகலில் கடற்கரையிலேயே பிளக்கைக் கழற்றிவைத்து, ஹெட்டில் திறந்த துளையோடு தேநீர் குடிக்கப் போனேன். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போயிருக்கும். சிலிண்டர் சுவரில் கோடு கோடாகக் கீறிவிட்டது. படகுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்ட செலவை நான் ஆறு மாதம் தவணையில் தீர்த்தேன். இப்போது துளையில் உடனே ஒரு சுத்தமான துணியைச் செருகிவிடுவேன், பெரிய துணியாக, உள்ளே விழாதபடி.

மாட்டும்போது முதலில் ஸ்பானரைத் தொடாதீர்கள். விரலாலேயே திருகுங்கள், கடைசிவரை விரலுக்கே போக வேண்டும். இடையில் இறுகினால் புரி குறுக்கே ஏறுகிறது, உடனே பின்னோக்கித் திருகி மறுபடி தொடங்குங்கள். கை எட்டாத இடம் என்றால் பிளக்கின் தலையில் எரிபொருள் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டித் திருப்பலாம்; புரி தவறினால் குழாய் வழுக்கிவிடும், பலம் போகாது. வாசர் ஹெட்டில் உட்கார்ந்த பிறகு, புதிய பிளக் என்றால் ஸ்பானரால் ஏறத்தாழ அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் அதன் வாசர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், ஆகவே பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். கடிகார முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும் தூரம். முறுக்குமானி வைத்திருப்பவர்களுக்கு 25 நியூட்டன் மீற்றர் அளவில். கடலுப்புக்காகப் புரியில் கிறீஸ் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்து, பூசாதீர்கள். பிளக்கின் புரியில் ஏற்கெனவே பூச்சு உண்டு. கிறீஸ் பூசினால் வழுவழுப்பில் கை அளவுக்கு மீறி இறுக்கிவிடும். உப்புக்கு எதிரான கிறீஸ் தேவைப்படும் இடம் பிளக் மூடியின் உட்புறம். அங்கே பச்சை படிந்திருந்தால் மூடியை மாற்றுங்கள். பச்சை பிடித்த மூடியும் தீப்பொறியைப் பலவீனமாக்கி, பிளக்கைக் கறுக்கவைக்கும்.

இடைவெளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எண்ணின் கடைசியில் -10 என்று இருந்தால் 1.0 மில்லிமீற்றர், அது இல்லாத வழமையான பிளக்கில் 0.6 அல்லது 0.7 அளவில் இருக்கும். அளவுத்தகடு இல்லாதவர்கள் இரும்பறுக்கும் வாள் அலகை நுழைத்துப் பார்ப்பார்கள். அதன் கனம் ஏறத்தாழ 0.6, ஆகவே அந்த வழக்கம் மோசமில்லை. வளைப்பதென்றால் வெளி முனையை மட்டும் மெல்லத் தட்டி வளைக்க வேண்டும். நடு முனையை நெம்பினால் பீங்கான் உடையும்.

எண்ணுக்கு வருகிறேன். இத்தகைய எஞ்சின்களில் நான் அதிகம் பார்ப்பது என்ஜிகே பி7எச்எஸ். பி என்றால் 14 மில்லிமீற்றர் புரி, 7 சூட்டு எண், எச் என்றால் புரியின் நீளம் 12.7 மில்லிமீற்றர். நடுவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் உள்ளே மின்தடை உண்டு. என்ஜிகே எண்ணில் 6 என்றால் 7ஐவிடச் சூடான பிளக். வேறு சில நிறுவனங்களின் எண் இதற்கு நேர் எதிராக ஓடும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது. உங்களுக்கு யோசனை சொன்னவர் 6ஐத்தான் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சூடான பிளக்கின் மூக்கு சூட்டை அதிகம் பிடித்துவைக்கும், குடாவுக்குள் ஊரும்போது கறுக்காது. ஆனால் அறுக்குளா மீன் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஒரு நாள் முழு வேகத்தில் வெளிக்கடலுக்கு ஓடுவீர்கள். அப்போது அந்த மூக்கு 870 பாகையையும் தாண்டிப் பழுக்கும். தீப்பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அதுவும் கரையிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும்போதுதான் விழும். கைநூலில் எந்த எண்ணோ அதையே போடுங்கள். காரணத்தைத் திருத்தினால் எண்ணை மாற்ற வேண்டிய தேவை வராது.

புரியின் நீளம் இன்னும் முக்கியம். கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன் பனிமேல் ஓடும் வண்டி ஒன்று வைத்திருக்கிறான். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். அவனும் ஒரு நாள் காணொளியில் நனைந்த கறுத்த பிளக்கைக் காட்டி என்னிடம் கேட்டான். சைபருக்குக் கீழே 20 பாகைக் குளிரில் நிற்கும் எஞ்சினுக்கும் 30 பாகை வெயிலில் நிற்கும் எஞ்சினுக்கும் ஒரே நோய். சோக்கை நேரத்தோடு திறக்காமல் விட்டிருந்தான், அவ்வளவுதான். அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது தன்னிடம் மிஞ்சியிருந்த பிஆர்9இஎஸ் பிளக் இரண்டை எனக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தான். அதுவும் 14 மில்லிமீற்றர் புரிதான், அதே ஸ்பானர்தான், நம் ஹெட்டில் அழகாக ஏறும். ஆனால் இ என்ற எழுத்துக்கு நீளம் 19 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் வந்து முட்டலாம். முட்டாவிட்டாலும் நீட்டிய புரி பழுக்கக் காய்ந்து கரி பிடித்து, கழற்றும்போது ஹெட்டின் புரியைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஏறுகிற பிளக்கெல்லாம் பொருந்துகிற பிளக் அல்ல என்று கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அந்த இரண்டையும் மேசையில் வைத்திருக்கிறேன்.

அடுப்பில் சுடுவது பற்றி. நனைந்த பிளக்கை உலர்த்த அது உதவும், நடுக்கடலில் கழற்றித் துடைத்து வெயிலில் காயவைத்தாலும் அதே பயன்தான். கெட்டியாகப் படிந்த கரியை அடுப்புச் சுடர் முழுதாக எடுக்காது. சுட்டவுடன் தண்ணீரில் போட்டால் பீங்கான் விரியும். பெற்றோலில் நனைத்த பழைய பல்தூரிகையால் தேய்த்து உலர்த்துவது என் முறை. இரும்புக்கம்பித் தூரிகை வேண்டாம்; அது பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத உலோகக் கோடுகளை விட்டுவைக்கும், அதன் வழியாகவும் மின்சாரம் கசியும். மணல் பீச்சிச் சுத்தம் செய்யும் பொறியில் கொடுப்பதும் வேண்டாம், ஒரு மணல் துகள் மூக்கின் அடியில் சிக்கியிருந்தாலும் போதும், நான் ஆறு மாதம் கடன் கட்டிய கதைதான். படகில் எரிபொருள் கான் பக்கத்தில் இருக்கும்போது எந்தச் சுடரும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் தீப்பெட்டியோடு பிளக் காய்ச்சியவரை நான் பார்த்திருக்கிறேன்.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க பிளக்கை மூடியில் செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சினின் வெற்று உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துக் கயிற்றை இழுப்பார்கள். செய்யலாம், ஆனால் இரண்டு பிளக்கும் உலோகத்தில் பட்டிருக்க வேண்டும். மூடியை வெறுமனே தொங்கவிட்டு இழுத்தால் வழியில்லாத உயர் மின்னழுத்தம் உள்ளே திரும்பி, தீப்பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் சிடிஐ பெட்டியைக் கெடுத்துவிடக்கூடும், அதன் விலையில் பத்து ஆண்டுகளுக்குப் பிளக் வாங்கலாம். பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். திறந்த துளையிலிருந்து எரிபொருள் ஆவி பீச்சும், தீப்பொறியை அதற்கு அருகில் வைக்காதீர்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மனம் உடைவதற்கு முன் நிறுத்தற்கயிற்றின் கவ்வியைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். நானே இருமுறை ஏமாந்திருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்குக் கைநூல்கள் பெரும்பாலும் 100 மணிநேரம் அல்லது ஆறு மாதம் என்று எழுதியிருக்கும். அந்த ஆறு மாதம், விடுமுறை நாளில் மட்டும் படகு ஓட்டுகிறவர்களின் ஆறு மாதம். நாளுக்கு ஐந்து மணிநேரம் ஓட்டும் உங்களுக்கு 100 மணிநேரம் 20 நாளில் முடிந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பார்ப்பது என்றால் மாற்றுவது என்று பொருளல்ல. நடு முனையின் கூர்மையான விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இடைவெளி பார்த்துவைத்த இரண்டு பிளக்கும் ஸ்பானரும் மூடி இறுகிய போத்தலில் படகில் எப்போதும் இருக்கட்டும்.

போலி பிளக் சந்தையில் இருக்கிறது என்பது உண்மை. தொட்டவுடன் கழன்று விழும் வாசர், நகத்தால் சுரண்டினால் போகும் எழுத்து, சொரசொரப்பான புரி என்பவை சந்தேகத்துக்குரிய அடையாளங்கள். நல்ல போலி இவை எதையும் காட்டாது, அதனால் தெரிந்த கடையில் வாங்குவதைத் தவிர உறுதியான வழி எனக்குத் தெரியாது. உங்கள் விஷயத்தில் போலி என்று நான் நினைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றும் நேரம்தான் என் முதல் சந்தேகம், கலவை இரண்டாவது. எஞ்சினைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது ஊகம். பழைய எஞ்சின் என்பதால் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கவும் கூடும். அதை அழுத்தமானி வைத்துத்தான் அறிய முடியும், படத்தில் தெரியாது.

ஒரு கிழமை இப்படிச் செய்து பாருங்கள், தம்பி: ஐந்து நிமிடம் பெற்றோல், அளந்த எண்ணெய், வலை இழுத்த பிறகு சில நிமிட வேகம், கரைக்கு முன் மறுபடி பெற்றோல். பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி, மேல், கீழ் என்று கடதாசியில் எழுதி அருகில் வைத்து, வெயில் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். இரவில் மஞ்சள் விளக்கில் எடுத்தால் எல்லாப் பிளக்கும் எனக்குக் காப்பி நிறமாகத்தான் தெரியும்.